சுன்-சுன் குரலைக் கேட்க: தைவானின் பழைய பாட்டுத் தட்டுகளைத் தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

தைவானில் 1930-களில் வெளிவந்த பாட்டுகளை, அன்று பாடிய சுன்-சுன் போன்றவர்களின் குரலிலேயே கேட்க வேண்டும் என்ற ஆசையில் இந்தத் தேடலில் இறங்கினேன். முதல் நான்கு மாதமும் வீணாகப் போயிற்று. கிடைத்தவற்றில் பாதி, முப்பது நாற்பது ஆண்டு கழித்து வேறு யாரோ பாடியவை. மீதியில் பல, தவறான வேகத்தில் ஓட்டிப் பதிவேற்றியவை. காசு கொடுத்து வாங்கிய முதல் தட்டில் பாட்டே இல்லை, நாடகம்தான் இருந்தது. சீனமோ ஜப்பானியமோ தெரியாமல் இந்தப் பக்கம் வருகிற தமிழ் வாசகருக்கு அந்த நான்கு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் வையுங்கள். பாட்டைத் தேடாதீர்கள், தட்டைத் தேடுங்கள். ஒரு பாட்டை நூறு பேர் பாடியிருப்பார்கள். அது முதலில் வெளிவந்த தட்டுக்கோ ஒரு நிறுவனம், ஓர் எண், ஒரு பக்கம், ஒரு பாடகி, ஓர் ஆண்டு உண்டு. இந்த ஐந்து விவரமும் கையில் இருந்தால் நூலகரிடமும் கேட்கலாம், விற்பவரிடமும் கேட்கலாம். பாட்டின் பெயர் மட்டும் இருந்தால் யாரும் உங்களுக்கு உதவ முடியாது.

வீட்டிலிருந்தபடி கேட்டால் போதும் என்றால் செலவே இல்லை, இரண்டு வார இறுதி நாட்கள் போதும். அப்படியானால் முதல் ஐந்து படிகளோடு நிறுத்திக்கொள்ளலாம். நேரில் போய்ப் பழைய ஆவணங்களைப் பார்க்க ஒரு முழு வாரம் ஒதுக்குங்கள். தட்டு வாங்கி நீங்களே ஓட்டிப் பதிவு செய்ய விரும்பினால் ஆறு மாதமாவது ஆகும்.

1. ஐந்து பாட்டுகளோடு தொடங்குங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பட்டியலிடப் பார்க்கிறார்கள். வேண்டாம். ஒரே பாடகி, ஒரே நிறுவனம், ஐந்து பாட்டு. அந்தப் பாடகி சுன்-சுன். மேடைப் பெயர் அது. இயற்பெயர் மாண்டரின் உச்சரிப்பில் லியு சிங்-சியாங். 1914-இல் பிறந்து 1943-இல், முப்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். நிறுவனம் கொலம்பியா. அதன் தைவான் கிளையைக் காஷிவானோ செய்ஜிரோ என்ற ஜப்பானியர் நடத்தினார்.

பாட்டுகள் இவை. 1932-இல் வந்த 'தோ-ஹுவே கிப்-ஹியாட்-கீ', அதாவது பீச் மலர் இரத்தக் கண்ணீர் வடித்த கதை. ஷாங்காய் மௌனப்படம் ஒன்று தைவானில் திரையிடப்பட்டபோது அதன் விளம்பரத்துக்காக எழுதப்பட்ட பாட்டு இது. எழுதிய ஜான் தியென்-மாவும் இசையமைத்த வாங் யுன்-ஃபெங்கும் மௌனப்படத்துக்குத் திரையருகே நின்று கதை சொல்லும் தொழிலில் இருந்தவர்கள். 1933-இல் வந்தவை மூன்று: 'பாங்-சுன்-ஹோங்' (வசந்தக் காற்றை எதிர்நோக்கி), 'குவாட்-யா-சியூ' (நிலாக்கால இரவின் துயரம்), 'தியாவ்-பூ சீ-தாய்' (நடனக் காலம்). 1934-இல் 'ஊ-யா-ஹுவே' (மழை இரவின் மலர்).

என் யோசனை, 'நடனக் காலம்' பாட்டை முதலில் கேளுங்கள். ஃபாக்ஸ்ட்ராட் எனும் மேற்கத்திய நடனத் தாளம், துள்ளலான வாத்தியக் குழு. பழைய பதிவின் இரைச்சலுக்குக் காது பழகாதவருக்குக்கூட உடனே பிடித்துவிடும். 'மழை இரவின் மலர்' அழவைக்கும் பாட்டு, அதற்குக் கொஞ்சம் பொறுங்கள்.

2. ஒவ்வொரு பெயருக்கும் நான்கு வடிவம் குறித்து வையுங்கள்

என் நான்கு மாதத்தில் இரண்டை விழுங்கியது இந்தப் பெயர்ச் சிக்கல்தான். இந்தப் பாட்டுகள் தைவானிய ஹொக்கியன் மொழியில் பாடப்பட்டவை. எழுதப்பட்டதோ சீன எழுத்தில். அதே எழுத்தை மாண்டரின் பேசுபவர் வேறு மாதிரி வாசிப்பார். நான் மேலே 'பாங்-சுன்-ஹோங்' என்று எழுதியதை, மாண்டரின் வழக்கில் 'வாங் சுன்ஃபெங்' என்பார்கள். ஹொக்கியனை ரோமன் எழுத்தில் எழுதவும் இரண்டு முறை புழக்கத்தில் உள்ளன: மிஷனரிகள் வழிவந்த பழைய முறை ஒன்று, தைவான் அரசின் கல்வி அமைச்சகம் பயன்படுத்தும் முறை இன்னொன்று. இரண்டிலும் எழுத்துக்கூட்டல் மாறும்.

ஆகவே ஒரு கோப்பைத் திறந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் பாடகிக்கும் சீன எழுத்து, மாண்டரின் ரோமன், ஹொக்கியன் ரோமன் இரண்டு என நான்கு வடிவத்தையும் விக்கிப்பீடியாவிலிருந்து வெட்டி ஒட்டி வையுங்கள். ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, சீன எழுத்தை மரபு வடிவத்திலேயே எடுங்கள். சீனாவின் எளிமையாக்கப்பட்ட எழுத்தில் தேடினால் தைவான் நூலகப் பட்டியல்கள் பல சமயம் வெறும் பக்கத்தைக் காட்டும். 'தைவான்' என்ற சொல்லின் முதல் எழுத்துக்கே இரண்டு வடிவம் உண்டு, பட்டியலில் எது இருக்கும் என்று சொல்ல முடியாது, இரண்டையும் போட்டுப் பாருங்கள். இன்னொன்று, சுன்-சுன் என்ற பெயரின் எழுத்துக்கு 'தூய' என்று பொருள். அதை மட்டும் தேடினால் பால் பொடியிலிருந்து குழந்தைப் பெயர் வரை எல்லாம் வந்து விழும். கூடவே கொலம்பியா என்ற பெயரையோ 'லியு-ஹிங்-குவா' என்ற வகைப் பெயரையோ சேருங்கள். பிரபலப் பாட்டு என்பதற்கு அன்றைய சொல் அது.

3. ஆண்டுக் கணக்கைச் சரிசெய்யுங்கள்

அன்று தைவான் ஜப்பானியர் ஆட்சியில் இருந்ததால் பழைய விளம்பரத்திலும் பட்டியலிலும் ஜப்பானியப் பேரரசரின் ஆட்சியாண்டு (தைஷோ அல்லது ஷோவா ஆண்டு) இருக்கும். இன்றைய தைவான் நூலகம், தைவானின் சொந்த ஆண்டுக்கணக்கான மின்குவோ ஆண்டைப் போட்டிருக்கலாம். கணக்கு எளிது. ஷோவா ஆண்டு என்றால் 1925-ஐக் கூட்டுங்கள். தைஷோ ஆண்டு என்றால் 1911. மின்குவோ ஆண்டு என்றாலும் 1911. ஆக ஷோவா 8-உம் மின்குவோ 22-உம் ஒரே ஆண்டுதான், 1933.

ஆண்டு வெறும் எண்ணாக மட்டும் இருந்தால் எந்த முறை என்று விசாரிக்காமல் குறித்துக்கொள்ளாதீர்கள்.

4. லேபிளை வாசிக்கப் பழகுங்கள்

சீனம் தெரியாவிட்டாலும் தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளை வாசிக்கலாம். நாலைந்து வடிவங்களைக் கண் அடையாளம் கண்டுகொண்டால் போதும். முக்கியமான செய்தி: அந்தக் காலத்தில் கிடைமட்டமாக அச்சடித்த எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். நான் இடமிருந்து வாசித்து, அப்படி ஒரு பாட்டே பட்டியலில் இல்லையே என்று நாள்கணக்கில் குழம்பியிருக்கிறேன். எண்களும் ரோமன் எழுத்தும் மட்டும் நமக்குப் பழக்கமான திசையில் இருக்கும்.

கொலம்பியாவின் தைவான் வரிசைத் தட்டுகளுக்கு 80 என்று தொடங்கும் ஐந்திலக்க எண் உண்டு. அதையும் அது எந்தப் பக்கம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டு முடிந்த பிறகு லேபிள் வரைக்கும் இருக்கும் வெற்று வளையத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால், அங்கே பொறித்த இன்னோர் எண் தெரியும். அது மாட்ரிக்ஸ் எண், அந்தப் பதிவுக்கே உரியது. லேபிள் கிழிந்த தட்டை அடையாளம் காண அதுதான் துணை. அதே நிறுவனம் ரீகல் என்ற பெயரில் மலிவு விலைத் தட்டுகளையும் வெளியிட்டது. விக்டர், தைஹெய் போன்ற போட்டி நிறுவனங்களும் தைவான் பாட்டு வெளியிட்டன. ஆகவே கொலம்பியா எண் முறையை எல்லாவற்றுக்கும் பொருத்திப் பார்க்காதீர்கள்.

வகைப் பெயர் எழுதியிருக்கும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள். அன்று தைவானில் விற்ற தட்டுகளில் கோ-ஆ-ஹீ எனும் நாட்டார் இசைநாடகம், நான்குவான், பெய்குவான் எனும் மரபிசை வகைகள், ஹக்கா மக்களின் இசை எல்லாம் ஏராளம். 1914-இலேயே நிப்போனோஃபோன் நிறுவனம் தைவான் இசைக்கலைஞர்களை டோக்கியோவுக்கு அழைத்துப் போய்ப் பதிவு செய்தது. அவையும் மரபிசைதான். 'மிகப் பழைய தைவான் தட்டு' என்று விற்பவர் சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் தேடும் பிரபலப் பாட்டு அதில் இருக்காது. நான் வாங்கிய நாடகத் தட்டு அப்படி வந்ததுதான்.

5. இணையத்தில் இலவசமாகக் கேளுங்கள்

தைனானில் உள்ள தேசியத் தைவான் வரலாற்று அருங்காட்சியகம் பழைய ஒலிப்பதிவுகளுக்கென்றே ஓர் இணையதளம் வைத்திருக்கிறது. 'தைவான் ஒலி நூறாண்டு' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். முதல் நிறுத்தம் அதுவாக இருக்கட்டும். தைப்பேயில் உள்ள தேசியத் தைவான் பல்கலைக்கழக நூலகத்திலும் பழைய தட்டுகளின் தொகுப்பு இருக்கிறது. இத்தகைய தொகுப்புகளில் சிலவற்றில் லேபிள் படமும் விவரமும் மட்டும் எல்லாருக்கும் திறந்திருக்கும், ஒலி கட்டடத்துக்குள் மட்டும்தான் கிடைக்கும். அப்படி இருந்தாலும் விடாதீர்கள், அந்த ஐந்து விவரத்தை நிரப்ப லேபிள் படமே போதும்.

காணொளித் தளங்களில் கேட்கும்போது, அது 1930-களின் பதிவுதானா என்று மூன்று வழியில் சோதிக்கலாம்.

முதலாவது நேரம். அன்றைய பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் கொள்ளும். 'பாங்-சுன்-ஹோங், 1933' என்ற தலைப்போடு நான்கரை நிமிடம் ஓடினால் அது வேறு ஏதோ. நீண்ட கதைப் பாட்டுகள் இரண்டு பக்கமும் ஓடுவதுண்டு, அப்போது நடுவில் ஒட்டுப்போட்ட இடம் காதுக்குத் தெரியும்.

இரண்டாவது, ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். வயலின் இடக்காதிலும் குரல் நடுவிலும் தெளிவாகப் பிரிந்து கேட்டால் அது ஸ்டீரியோ, அதாவது பிற்காலப் பதிவு.

மூன்றாவது மொழி. 1937-இல் போர் தொடங்கிய பிறகு இந்த மெட்டுகளில் சிலவற்றுக்கு ஜப்பானிய மொழியில் போர்ப் பிரசாரப் பாட்டு எழுதி வெளியிட்டார்கள். 'மழை இரவின் மலர்' மெட்டு இராணுவச் சுமைதூக்கியின் பெருமையைப் பாடும் பாட்டானது. அதுவும் பழைய தட்டுதான், இரைச்சலும் அப்படியே இருக்கும், அதனால் எளிதில் ஏமாந்துவிடலாம். அந்த மாற்றத்தை அறிந்தபின் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

6. நேரில் போவதென்றால்

முதலில் ஆவணம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள், அமெரிக்கா, பிரிட்டன், ஷெங்கன் நாடுகள், ஜப்பான் போன்றவற்றின் விசா வைத்திருந்தால், தைவானின் பயண அனுமதிச் சான்றிதழை இணையத்திலேயே கட்டணமின்றி எடுக்கலாம். ஒரு முறைக்கு 14 நாள் தங்கலாம். அப்படி விசா இல்லாதவர்கள் சென்னையில் உள்ள தைப்பே பொருளாதார, பண்பாட்டு மையத்தின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் போடுமுன் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

நூலகத்துக்கு அசல் கடவுச்சீட்டைக் கொண்டுபோங்கள். ஒரு நூலகத்தில் நகலைக் காட்டி வாசலிலேயே திரும்பி, ஒரு நாள் போனது எனக்கு. கூடவே இரண்டு தாள்: உங்கள் ஐந்து விவரமும் சீன எழுத்தில் அச்சிட்ட ஒரு பட்டியல், என்ன தேடுகிறீர்கள் என்று மாண்டரினில் நாலு வரி. அங்கே தெரிந்த நண்பர் யாரிடமாவது அந்த நாலு வரியைச் சரிபார்த்து வாங்குங்கள். நூலகர்கள் மிகுந்த அக்கறையோடு உதவுவார்கள், ஆனால் அவர்களுக்கு எழுத்தில் வேண்டும்.

பார்க்க வேண்டிய இடம் நியூ தைப்பேயின் ஜோங்ஹே பகுதியில் உள்ள தேசியத் தைவான் நூலகம். மெட்ரோவில் யோங்ஆன் மார்க்கெட் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். ஜப்பானியர் காலத்து நூல்களும் இதழ்களும் அங்கே நிறைய. 'தைவான் நிச்சிநிச்சி ஷிம்போ' என்ற அன்றைய நாளிதழில் தட்டு விளம்பரங்களைத் தேடினால், தட்டு எந்த மாதம் வந்தது என்பதை உறுதி செய்யலாம். கிடைத்த விளம்பரத்தை நகலெடுத்து வையுங்கள். ஒரு பாட்டுக்கு அரை நாள் ஒதுக்குங்கள், அதற்குக் குறைவாகத் திட்டமிட்டால் அவசரம்தான் மிஞ்சும். தேசியத் தைவான் பல்கலைக்கழகத்துக்கு கோங்குவான் நிலையத்தில் இறங்க வேண்டும்.

செலவு: விமான நிலையத்திலிருந்து தைப்பே மத்திய நிலையத்துக்கு மெட்ரோவில் 150 தைவான் டாலர். ஈஸிகார்டு எனும் பயண அட்டை 100 டாலர், அந்தப் பணம் திரும்பாது, அதற்கு மேல் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒரு தைவான் டாலருக்கு ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று ரூபாய் என்று கணக்குப் போடுங்கள். தைனான் போய்வர ஆசைப்பட்டால் அதிவேக ரயிலில் ஒரு வழிக்கு 1350 டாலர். பாட்டுக் கேட்பதற்காக மட்டும் அந்தச் செலவு தேவையில்லை, ஒலி இணையத்திலேயே இருக்கிறது. அருங்காட்சியகத்தையே பார்க்கப் போகிறீர்கள் என்றால் நல்லது, திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், விடுமுறை.

காலம்: சீனப் புத்தாண்டு வாரத்தை அடியோடு தவிர்த்துவிடுங்கள். அது ஜனவரி பிற்பாதியிலோ பிப்ரவரியிலோ வரும். நூலகம் மட்டுமல்ல, பழைய பொருள் கடைகளும் மூடியிருக்கும்.

ஒரு மாலையை தாதாவ்செங்கில் கழியுங்கள். தைப்பேயின் பழைய தேயிலை வணிகப் பகுதி அது, இந்தப் பாட்டுகளை எழுதியவர்கள் புழங்கிய இடம். 'பாங்-சுன்-ஹோங்' வரிகளை எழுதிய லி லின்-சியு அங்கே ஒரு திரையரங்கில் சிற்றாளாக வேலைக்குச் சேர்ந்தவர். அவருக்கு அங்கே ஒரு பூங்காவில் சிலை இருக்கிறது.

ஆய்வாளர்களுக்கு ஒரு சொல். ஜப்பானில் ஒசாகாவின் தேசிய இனவியல் அருங்காட்சியகத்தில், கொலம்பியா அன்று தைவானுக்காகப் பதிவு செய்த தட்டுகளின் உலோக அச்சுகள் இருக்கின்றன. தைவான் வரிசைக்குப் பட்டியலும் வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் பல்கலைக்கழகக் கடிதத்தோடு பல வாரங்களுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். புதன்கிழமை அங்கே விடுமுறை.

7. தட்டு வாங்கும்போது

அவசரப்படாதீர்கள். ஐந்து விவரமும் நிரம்பாத தட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள். தைவானின் ஏலத் தளங்களில் கணக்குத் திறக்க உள்ளூர்க் கைப்பேசி எண் கேட்பார்கள். ஜப்பான் ஏலத் தளங்களில் வாங்க, நமக்காக வாங்கி அனுப்பும் இடைத்தரகு நிறுவனம் வேண்டும். அதன் கட்டணம், உள்நாட்டு அஞ்சல், வெளிநாட்டு அஞ்சல், இங்கே சுங்கம் எல்லாம் சேர்ந்து தட்டின் விலையைத் தாண்டிப் போகலாம். ஏலத்தில் கை தூக்குமுன் இந்த நான்கையும் எழுதிக் கூட்டுங்கள். சுன்-சுன் பாடிய புகழ்பெற்ற பாட்டுகளின் அசல் தட்டுகள் மிக அரிது. அவற்றைத் துரத்த வேண்டாம். அதிகம் பெயர் வராத பாட்டு ஒன்றை வாங்கிக் கற்றுக்கொள்ளுங்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: இரு பக்க லேபிளின் படம், சாய்ந்த வெளிச்சத்தில் தடத்தின் படம், வெற்று வளையத்தின் படம், இருபது நொடி ஒலி. விரல் நகத்தால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முழுத் தட்டு கணீர் என்று ஒலிக்கும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் மொத்தையாக ஒலிக்கும். பானை வாங்கும்போது நம் வீடுகளில் செய்கிற அதே சோதனைதான். பாட்டு வரிகள் அச்சிட்ட தனித்தாள் கூட வருகிறதா என்றும் கேளுங்கள். தட்டைவிடச் சீக்கிரம் அழிந்துபோவது அந்தத் தாள்.

இவை அரக்குத் தட்டுகள். (உலகத்துக்கு அந்த அரக்கைப் பெருமளவு அனுப்பியது இந்தியாதான்.) பீங்கானைப் போல உடையும். இரண்டு பக்கமும் தட்டைவிடப் பெரிய கெட்டி அட்டை, பிறகு குமிழி உறை, ஒரு பெட்டி, அதைச் சுற்றி நான்கு விரல் இடைவெளி விட்டு இன்னொரு பெட்டி என்று எழுதிக் கொடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டதால் எனக்கு ஒரு தட்டு மூன்று துண்டாக வந்தது. அந்தத் துண்டுகளை இன்னும் வைத்திருக்கிறேன்.

8. கழுவுவது, ஓட்டுவது

கவனம் மிக வேண்டிய படி இது. இங்கே செய்யும் தவறைத் திருத்த முடியாது.

மதுசாரம் கலந்த எதுவும் அரக்குத் தட்டின் மேல் படக் கூடாது. எல்பி எனும் பிற்கால வினைல் தட்டுக்கென்று கடையில் விற்கும் திரவங்கள் பலவற்றில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இருக்கிறது. அது அரக்கைக் கரைத்துவிடும். மரச்சாமான் பாலிஷ் போடுகிறவர்கள் அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சி வடித்த நீரில் மிதமான சோப்புக் கரைசல் ஒரு சொட்டு, மென்மையான தூரிகை, தடத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்ப்பது, பிறகு வெறும் வடிநீரில் அலசல், உடனே துடைத்து நிழலில் உலர்த்தல். லேபிளில் ஈரம் படக் கூடாது. வெந்நீர் வேண்டாம். வெயில் கூடவே கூடாது, நம் ஊர் மே மாத வெயிலில் தட்டு வளைந்துவிடும்.

அடுத்து முள். பழைய கிராமபோனில் போடாதீர்கள். அதன் எடையும் இரும்பு முள்ளும் ஒவ்வொரு முறையும் தடத்தைச் சுரண்டும். நிமிடத்துக்கு 78 சுற்று வேகம் உள்ள இக்கால டர்ன்டேபிள் வாங்குங்கள். ஆடியோ டெக்னிக்காவின் எல்பி-120 வகை போன்றவற்றில் 78 உட்பட மூன்று வேகம் உண்டு. அதோடு வருகிற எல்பி முள்ளால் இந்தத் தட்டை ஓட்டக் கூடாது. எல்பி முள்ளின் முனை ஏறக்குறைய 18 மைக்ரான், அரக்குத் தட்டின் தடத்துக்குத் தேவை 76 மைக்ரான், அதாவது 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு). சிறிய முள் தடத்தின் அடியில் கிடந்து உருண்டு இரைச்சலை மட்டும் எடுக்கும். 78-க்கு உரிய முள் தனியாகக் கிடைக்கும். அதைத் தட்டுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். அழுத்தம் பொதுவாக 3 முதல் 5 கிராம் வரை இருக்கும், உங்கள் முள்ளோடு வரும் தாளில் இருப்பதே இறுதி.

பிறகு வேகம். '78 சுற்று' என்பது பொதுப் பெயர்தான், எல்லாத் தட்டும் துல்லியமாக அந்த வேகத்தில் வெட்டப்படவில்லை. 80-இல் வெட்டிய தட்டை 78-இல் ஓட்டினால் சுருதி, அரைச் சுரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். வேகமாக ஓட்டினால் சுன்-சுன் குரல் சிறு பிள்ளை குரல் போலாகிவிடும். இணையத்தில் அப்படிக் கேட்டுவிட்டு, அன்று அப்படித்தான் பாடினார்கள் என்று நானே நம்பியிருந்தேன்.

சரியான வேகத்தை எப்படி அறிவது? இந்தப் பாட்டுகளில் மேற்கத்திய வாத்தியங்கள் வாசிக்கின்றன. கைப்பேசியில் ஒரு டியூனர் செயலியை வைத்து, குழு நீட்டிப் பிடிக்கும் சுரத்தைப் பாருங்கள். அது இரண்டு சுரத்துக்கு நடுவில் தொங்கினால் வேகம் தவறு. 78-க்கு மிக அருகில் எந்த வேகத்தில் அது ஒரு சுரத்தின் மேல் சரியாக உட்காருகிறதோ, அதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு தட்டின் இரண்டு பக்கமும் வேறு நாளில் பதிவானவையாக இருக்கலாம், ஆகவே தனித்தனியாகச் சோதியுங்கள். முதல் முறை சரியான வேகத்தில் அந்தக் குரல் வந்தபோது, இருபது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் எதிரில் நின்று பாடுகிறாள் என்று தோன்றியது.

9. கணினியில் ஏற்றுவது

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. மூன்று நிமிடப் பக்கம் ஒன்றுக்கு ஏறக்குறைய 100 மெகாபைட் இடம் பிடிக்கும். தட்டு மோனோவாக இருந்தாலும் ஸ்டீரியோவாகவே பதிவு செய்யுங்கள். தடத்தின் இரண்டு சுவரில் ஒன்று பெரும்பாலும் குறைவாகத் தேய்ந்திருக்கும், பிறகு கேட்டு நல்ல பக்கத்தை மட்டும் எடுக்கலாம்.

முள் எடுக்கும் மெல்லிய ஒலியைப் பெருக்கும் இன்றைய ஃபோனோ முன்பெருக்கிகளில் உள்ள ஆர்ஐஏஏ திருத்தம் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளின் அளவைச் சமன் செய்யும் முறை) 1950-களில் வந்தது, இந்தத் தட்டுகளுக்குப் பொருந்தாது. முடிந்தால் திருத்தமில்லாமல் பதிந்து, மென்பொருளில் 78-க்கான திருத்தத்தைப் போடுங்கள்.

இரைச்சல் நீக்கியை முழுவதும் முறுக்காதீர்கள். இரைச்சலோடு குரலின் மூச்சும் போய்விடும். எதையும் தொடாத மூலக் கோப்பு ஒன்றைத் தனியே வைத்துவிட்டு, அதன் நகலில் மட்டும் கை வையுங்கள். கோப்பின் பெயரில் அந்த ஐந்து விவரமும், ஓட்டிய வேகமும் இருக்கட்டும்.

10. வெளியிடுமுன் உரிமையைப் பாருங்கள்

பழைய பாட்டுதானே, யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஒரு தட்டில் மூன்று உரிமை இருக்கிறது: ஒலிப்பதிவு, இசை, வரிகள். தைவான் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 50 ஆண்டு. 1930-களின் பதிவுகளுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. இசைக்கும் வரிகளுக்கும் படைத்தவர் மறைந்த பிறகு 50 ஆண்டு, அதாவது ஐம்பதாவது ஆண்டின் கடைசி நாள் வரை.

'பாங்-சுன்-ஹோங்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இசையமைத்த தெங் யூ-சியென் 1944-இல் மறைந்தார், அந்த மெட்டின் உரிமைக்காலம் முடிந்துவிட்டது. வரிகள் எழுதிய லி லின்-சியு 1979-இல்தான் மறைந்தார், ஆகவே வரிகளுக்கு 2029 முடியும் வரை உரிமை இருக்கிறது. 'மழை இரவின் மலர்' வரிகளை எழுதிய ஜோ தியென்-வாங் 1988-இல் மறைந்தார், அந்த வரிகளுக்கு 2038 முடிய. மெட்டை வீணையிலோ வயலினிலோ வாசித்து வெளியிடுவது வேறு, வரிகளை அச்சிட்டு மொழிபெயர்ப்போடு போடுவது வேறு. இரண்டாவதற்கு அனுமதி வாங்குங்கள். நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தையும் பாருங்கள். இந்தியச் சட்டத்தில் பொதுவான காலம் 60 ஆண்டு.

அருங்காட்சியகத் தளத்திலிருந்து இறக்கிய கோப்புக்கு அந்தத் தளத்தின் பயன்பாட்டு விதி தனியே உண்டு. பதிவின் உரிமைக்காலம் முடிந்துவிட்டாலும், அவர்கள் கழுவி ஓட்டித் தந்த கோப்பை எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாமல் போடுவது நியாயமில்லை. காணொளித் தளத்தில் ஏற்றினால், பிற்காலக் குறுந்தகடு வெளியிட்டவர்களின் பெயரில் தானியங்கி உரிமைக் கோரிக்கை வரலாம். அப்போது பதில் சொல்ல லேபிள் படம், தட்டு எண், வெளியான ஆண்டுக்கு ஆதாரமான நாளிதழ் விளம்பரத்தின் நகல் ஆகிய மூன்றும் தயாராக இருக்கட்டும். ஆறாம் படியில் நூலகத்தில் அரை நாள் உட்கார்ந்து எடுத்த அந்த நகலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.